உடம்பில் இருக்கிறது, ரிப்போர்ட்டில் இல்லை

குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. முந்தின வாரம்வரை வயலில் மண்வெட்டி பிடித்தவர். அறுவைக்கு முன் எடுக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஒரே ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில் வருகிறது: தட்டணுக்கள் (பிளேட்லெட்) 38,000. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டிய எண் அது. மயக்க மருந்து மருத்துவர் மறுத்துவிடுகிறார். அறுவை தள்ளிப்போகிறது. மகன் இரவெல்லாம் செல்போனில் தேடி ரத்தப் புற்றுநோய்வரை போய்விடுகிறான். பிளேட்லெட் தானத்துக்கு ஆள் தேடி வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கிறது. மறுநாள் எடுத்தால் 22,000. அதற்கடுத்த நாள் 61,000. அந்த மனிதரின் உடம்பிலோ ஒரு சிவப்புப் புள்ளி இல்லை; பல் துலக்கும்போது ஈறில் ஒரு துளி ரத்தம் இல்லை.

பெரிய ஆய்வகத்தில் சில ஆண்டு வேலை பார்த்த எவருக்கும் இந்தக் கதை பழக்கமானதுதான். முடிவும் தெரிந்ததுதான். யாரோ ஒரு டெக்னீஷியன் அந்த ரத்தத்தில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பூசுவார். லீஷ்மன் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைப்பார். பூச்சின் வால்முனையில் ஊதாநிறத் துகள்கள் முப்பதும் ஐம்பதுமாக அப்பிக் கிடக்கும். குறைந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட தட்டணுக்கள் அவை. உடம்பிலும் இருந்தன, குழாயிலும் இருக்கின்றன. எண்ணிய இயந்திரத்துக்கு மட்டும் அவை தட்டணுக்களாகத் தெரியவில்லை.

மருத்துவம் இதைப் போலித் தட்டணுக் குறைவு என்கிறது. ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவரிடம் இது காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்பதற்குச் சின்ன விகிதம். ஆனால் தினம் ஆயிரம் ரத்தக் கணக்கு பார்க்கும் ஒரு மருத்துவமனையில், தினம் ஒரு குடும்பம் காரணமில்லாமல் கலங்குகிறது என்று அதைப் படிக்கவேண்டும்.

தட்டணுவின் இயல்பிலிருந்தே தொடங்கவேண்டும். அது முழுமையான உயிரணு அன்று. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற பேருருவ உயிரணு இருக்கிறது. அது தன் உடலிலிருந்து நீண்ட இழைகளை ரத்தக் குழாய்க்குள் நீட்டுகிறது. அந்த இழைகள் துண்டு துண்டாக உதிர்ந்து தட்டணுக்களாகின்றன. உட்கரு கிடையாது. அகலம் 2 அல்லது 3 மைக்ரோமீட்டர். ஆயுள் 7 முதல் 10 நாள். உதிர்வதை ஈடுகட்ட, நல்ல உடம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி தட்டணுக்களைச் செய்து அனுப்புகிறது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம்வரை இருக்கும்.

இத்தனையும் ஒரே வேலைக்காக. ரத்தக் குழாயின் சுவர் எங்காவது கிழிந்தால் ஓடிப்போய் அங்கே ஒட்டவேண்டும். ஒட்டியபின் தன் இனத்தைக் கூப்பிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டையை அடைக்கவேண்டும். அதற்கென்று ஒவ்வொரு தட்டணுவின் மேற்பரப்பிலும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புரதக் கொக்கிகள் இருக்கின்றன. கிளைக்கோபுரதம் 2பி, 3ஏ என்ற இரண்டு புரதங்கள் கைகோத்து நிற்கும் கொக்கி அது. சாதாரண நேரத்தில் மடங்கிக் கிடக்கும். ஆபத்துச் செய்தி வந்ததும் விரிந்து, ரத்தத்தில் மிதக்கும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே ஃபைப்ரினோஜெனின் மறுமுனையைப் பக்கத்துத் தட்டணு பிடிக்கும். இந்த இரண்டு புரதங்களையும் பிரியவிடாமல் கட்டிவைத்திருப்பது கால்சியம். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஒட்டுவதற்கென்றே பிறந்த பொருளைத் தனித்தனியாக எண்ணவேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே சங்கடமான வேலை. 1874இல் வில்லியம் ஆஸ்லர் என்ற இளம் கனடிய மருத்துவர் லண்டனில் செய்த ஒரு சோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. உடம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்கள், நிறமில்லாத சிறு துகள்கள் கும்பலாக ஒட்டிக் கிடப்பதை அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். அவை எப்போதும் கும்பலாகவே இருப்பவை என்றுகூட நினைக்க இடமிருந்தது. ஆஸ்லர் ஓர் எலிக்குட்டியின் தோலடித் திசுவை எடுத்து, அதிலிருந்த நுண்ணிய சிரைக்குள்ளேயே பார்த்தார். குழாய்க்குள் துகள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மிதந்தன. வெளியே வந்த ரத்தத்தில்தான் அவை திரண்டன. அந்தத் துகள்களுக்கு அப்போது சரியான பெயர்கூட இல்லை. அவை ரத்தத்தின் தனி உறுப்பு என்றும், ரத்தம் உறைவதில் பங்குள்ளவை என்றும் இத்தாலியின் ஜூலியோ பிட்ஸொஸெரோ 1882இல் நிறுவினார். திரள் உடம்புக்குள் இல்லை, உடம்பைவிட்டு வந்தபின்தான் உண்டாகிறது என்பதை மட்டும் ஆஸ்லர் அதற்கு எட்டு ஆண்டு முன்பே கண்ணால் கண்டுவிட்டார். நம் குடலிறக்க நோயாளியின் பிரச்சினைக்கும் விடை அதுதான்.

ரத்தம் ஊசியைவிட்டு வெளியே வந்த நொடியிலிருந்து உறையத் தொடங்குகிறது. உறைந்த ரத்தத்தில் எதையும் எண்ண முடியாது. எனவே குழாயில் முன்கூட்டியே உறைவெதிர்ப்பு மருந்து தடவி வைத்திருப்பார்கள். ஊதா மூடி போட்ட குழாயில் இருப்பது ஈடிடிஏ. இதன் பிறப்பு மருத்துவத்தில் அன்று. 1930களில் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் முன்ஸ் என்ற வேதியியலர், துணிச் சாயத் தொழிலுக்காக இதை உருவாக்கினார். கடின நீரிலுள்ள கால்சியம் சாயத்தைக் கெடுக்கிறது. அந்தக் கால்சியத்தைப் பிடித்து ஒதுக்க ஒரு பொருள் வேண்டியிருந்தது. ஈடிடிஏ மூலக்கூறு நண்டு இடுக்கியால் கவ்வுவதுபோல் கால்சியத்தைக் கவ்வி வைத்துக்கொள்ளும். ரத்தம் உறையவும் கால்சியம் வேண்டும் என்பதால், சாயத் தொட்டிக்குப் பயன்பட்ட அதே குணம் ரத்தம் எடுக்கும் குழாய்க்கும் பயன்பட்டது. 1950களிலிருந்து இது ஆய்வகங்களில் பரவியது. அணுக்களின் வடிவத்தை அதிகம் கெடுக்காது, விலை குறைவு, எண்ணுவதற்கு நல்லது. இன்று உலகெங்கும் ரத்தக் கணக்குக்கு இதுவே.

எண்ணும் முறையும் அதே காலத்தில் மாறியது. அமெரிக்காவின் வாலஸ் கௌல்டர் 1953இல் காப்புரிமை பெற்ற தத்துவம் எளிமையானது: உப்புநீரில் ரத்தத்தைக் கலந்து, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நுண்துளை வழியாக இழுப்பது. ஓர் அணு துளையைக் கடக்கும்போதெல்லாம் மின்தடை ஒரு கணம் உயர்கிறது. எத்தனை முறை உயர்ந்தது என்பது எண்ணிக்கை. எவ்வளவு உயர்ந்தது என்பது பருமன். இந்த இயந்திரத்துக்குக் கண் கிடையாது. அதற்குத் தெரிந்தது பருமன் ஒன்றே. பருமனை ஃபெம்டோலிட்டரில் சொல்வார்கள். பக்கத்துக்கு ஒரு மைக்ரோமீட்டர் கொண்ட கனசதுரத்தின் கொள்ளளவு அது. சராசரித் தட்டணு 7 முதல் 11 ஃபெம்டோலிட்டர். சிவப்பணு 80 முதல் 100. பொதுவாக 2 முதல் 20வரை உள்ளதெல்லாம் தட்டணு என்று இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

இப்போது ஏழெட்டுத் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாகத் துளையைக் கடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பருமன் எழுபதைத் தொட்டுவிடும். தட்டணுக் கணக்கில் எட்டு குறையும். வெள்ளையணுக்களை எண்ணும் பிரிவில் சிவப்பணுக்களை முதலில் கரைத்துவிடுவார்கள். அங்கே இந்த உருண்டை போனால் சிறிய வெள்ளையணுவாகப் பதிவாகும். தட்டணு குறைந்து வெள்ளையணு கூடிய ரிப்போர்ட் ஒன்று கையில் வந்தால் எவருக்கும் நெஞ்சு பதறும். ரத்தப் புற்றுநோயை நினைவூட்டும் சேர்க்கை அது. ஒரே திரள் இரண்டு பொய்களை ஒருசேரச் சொல்லிவிடுகிறது.

திரள்வதற்குக் காரணம் பெரும்பாலும் கையாளும் விதத்தில் இருக்கிறது. சிரை கிடைக்காமல் ஊசியை உள்ளேயே திருப்பித் தேடுவது, ரத்தம் சொட்டுச் சொட்டாக வருவது, சிரிஞ்சில் எடுத்ததைக் குழாய்க்கு மாற்றுவதற்குள் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விடுவது, குழாயைக் கோட்டுக்கு மேல் நிரப்பிவிடுவது. எல்லாவற்றையும்விட அதிகமாக நடப்பது, எடுத்த குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி எட்டுப் பத்து முறை கலக்காமல் அப்படியே தாங்கியில் செருகிவிடுவது. அடியில் தடவியிருக்கும் ஈடிடிஏ மேலே இருக்கும் ரத்தத்தை எட்டுவதற்குள் சிறு உறைவு விழுந்துவிடும். குழந்தைகளின் குதிகாலில் குத்திப் பிழிந்து எடுக்கும் ரத்தத்தில் இது சாதாரணம். பிழியும்போது திசுச் சாறு கலந்து உறைதலைத் தூண்டுகிறது. இந்த வகைத் திரளுக்கு மருந்து ஒன்றுதான்: மறுபடி, ஒழுங்காக எடுப்பது. அவசரப் பிரிவில் நாற்பது பேருக்கு ஒருவராக நின்று ரத்தம் எடுக்கும் செவிலியரைக் குறை சொல்லிப் பயனில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆள் போதாமையும் இந்தப் பிழைக்கு ஒரு காரணமே.

ஆனால் எவ்வளவு ஒழுங்காக எடுத்தாலும் சிலருடைய தட்டணுக்கள் திரண்டுகொண்டே இருக்கும். அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

1969இல் கவ்லண்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் பிரிட்டனிலிருந்து ஒரு செய்தி வெளியிட்டார்கள்: ஒருவருடைய ரத்தநீரில் உள்ள ஏதோ ஒரு பொருள், ஈடிடிஏ கூட இருந்தால் மட்டும் தட்டணுக்களைத் திரளச் செய்கிறது. அந்தப் பொருள் எதிர்ப்பொருள் என்பதை அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. நடப்பது இதுதான். ஈடிடிஏ ரத்தத்திலுள்ள கால்சியத்தைக் கவ்வும்போது, தட்டணுவின் கொக்கிப் புரதங்களைக் கட்டிவைத்திருந்த கால்சியத்தையும் உருவிவிடுகிறது. கட்டு தளர்ந்ததும் 2பி புரதத்தின் உருவம் மாறுகிறது. உடம்புக்குள் இருந்தவரை மடிப்புக்குள் மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே தெரிகிறது. சிலருடைய ரத்தத்தில் அந்தப் பகுதியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் இயல்பாகவே இருக்கின்றன. உடம்புக்குள் அவற்றுக்கு வேலையே இல்லை; பிடிப்பதற்கு இலக்கு வெளியே தெரிந்தால்தானே. குழாய்க்குள் வந்ததும் இலக்கு திறந்துகொள்கிறது. எதிர்ப்பொருள்கள் பாய்ந்து ஒட்டுகின்றன, தட்டணுக்கள் ஒன்றோடொன்று பிணைகின்றன.

இதற்கு அழகான ஒரு சான்று உண்டு. கிளான்ஸ்மன் நோய் என்ற அரிய பிறவிக் குறைபாட்டில் தட்டணுக்களில் இந்த 2பி, 3ஏ கொக்கியே இருக்காது. அத்தகைய தட்டணுக்களோடு இந்த எதிர்ப்பொருள் கலந்த ரத்தநீரைச் சேர்த்து ஈடிடிஏ ஊற்றினால் திரள்வதில்லை. இலக்கு அந்தக் கொக்கிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை.

இந்த எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் குளிரில் சுறுசுறுப்பானவை. உடம்பின் 37 டிகிரியில் சோம்பிக் கிடப்பவை, ரத்தம் அறையின் வெப்பத்துக்கு இறங்கியதும் விழித்துக்கொள்கின்றன. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் மோசம். நேரமும் ஒரு கணக்கு. எடுத்த ஐந்தாம் நிமிடம் எண்ணினால் 1,80,000 இருப்பது, ஒரு மணி நேரம் கழித்து 70,000 ஆகலாம். கிளைச் சேகரிப்பு மையத்தில் காலையில் எடுத்த ரத்தம் பெட்டியில் பயணித்து மதியம் மைய ஆய்வகத்தை அடைகிற இன்றைய ஏற்பாட்டில் இதை யோசித்துப் பார்க்கவேண்டும். முதல் நாள் 38,000, மறுநாள் 22,000, அடுத்த நாள் 61,000 என்று அந்த விவசாயியின் எண் ஆடியதற்கும் இதுவே விளக்கம். நோய் ஏறி இறங்கவில்லை. குழாய் இயந்திரத்துக்குப் போக எடுத்துக்கொண்ட நேரம்தான் ஏறி இறங்கியது.

யாருக்கு இது வரும்? முழு ஆரோக்கியமாக இருப்பவருக்கும் வரும். கடும் தொற்று, தன்னெதிர்ப்பு நோய், புற்றுநோய், கல்லீரல் நோய் உள்ளவர்களிடமும் காணப்பட்டிருக்கிறது. கொரோனா காலத்தில் தொற்று கண்ட சிலரிடம் தோன்றி, குணமானபின் மறைந்ததாகப் பதிவுகள் உண்டு. வேறு சிலரிடம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். கருவுற்ற தாயிடமிருந்து நச்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள் பிள்ளைக்குப் போய், பிறந்த குழந்தையின் ரிப்போர்ட்டிலும் சில மாதம் இதே குழப்பத்தை உண்டாக்கியதும் பதிவாகியிருக்கிறது. இந்த எதிர்ப்பொருளால் உடம்புக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

இதன் உறவுக்காரர் ஒருவரும் உண்டு. சிலருடைய ரத்தத்தில் ஈடிடிஏ பட்டதும் தட்டணுக்கள் தங்களுக்குள் திரளாமல், நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவைச் சுற்றி மாலைபோல் ஒட்டிக்கொள்ளும். 1960களில் விவரிக்கப்பட்ட இந்தக் காட்சியை மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். இயந்திரத்தைப் பொறுத்தவரை அந்தத் தட்டணுக்களும் தொலைந்தவையே.

திரளே இல்லாமல் இயந்திரம் ஏமாறும் இடமும் ஒன்று உண்டு: பிறவியிலேயே தட்டணுக்கள் பெரிதாக இருப்பவர்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. அங்கே ரத்ததானம் செய்த மேற்கு வங்கத்தவர் பலரிடம் தட்டணு எண்ணிக்கை குறைவாகவும் பருமன் அதிகமாகவும் இருந்தது. தென்னிந்தியக் கொடையாளர்களிடம் அப்படி இல்லை. அந்த மேற்கு வங்கத்தவர் எவருக்கும் ரத்தக் கசிவுத் தொல்லை கிடையாது. ஹாரிஸ் தட்டணுக் கூட்டறிகுறி என்று பின்னர் அதற்குப் பெயரிட்டார்கள். எண் குறைந்தாலும், ஒவ்வொன்றும் பெரிதாக இருப்பதால் வேலை தடைப்படுவதில்லை. இவர்களை நோயாளிகளாக நடத்தினால் அதுவும் பிழையே.

சரி, சந்தேகம் வந்தால் ஆய்வகம் என்ன செய்யும்? முதல் வேலைக்குக் கருவியே வேண்டாம். குழாயைத் திறந்து ஒரு மெல்லிய மரக்குச்சியை விட்டுச் சுற்றிப் பார்ப்பார்கள். நூல்போல் உறைவு சிக்கினால் அந்த மாதிரி தகுதியற்றது. புதிதாக எடுக்கச் சொல்லவேண்டும். அடுத்து, நோயாளியின் பழைய எண்ணை எடுத்துப் பார்ப்பது. போன மாதம் இரண்டரை லட்சம் இருந்தவருக்கு எந்தக் காய்ச்சலும் இல்லாமல் இன்று 30,000 என்றால் நோயைவிடக் குழாயைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். இயந்திரமும் தன்னளவில் ஒரு குறிப்புக் கொடுக்கும். தட்டணுப் பருமன் வரைபடத்தின் வலது முனை அடிக்கோட்டைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். திரள் இருக்கலாம் என்று எச்சரிக்கைக் குறி எழும். ஆனால் எல்லாத் திரளுக்கும் குறி எழுவதில்லை. குறி எழாததை நம்பி எண்ணை அனுப்பிவிடுவதுதான் நான் கண்டவற்றில் மிக வழக்கமான தவறு.

எனவே ஸ்மியர் எனப்படும் ரத்தப் பூச்சு. இதற்கு மாற்று இன்றுவரை வரவில்லை. பூச்சின் நடுப்பகுதியை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். தகட்டில் ரத்தத்தை இழுக்கும்போது கனமான திரள்கள் தள்ளப்பட்டு வால்முனையிலும் பக்க ஓரங்களிலும் போய்ச் சேரும். அங்கே பார்க்கவேண்டும். திரள் இல்லாத பூச்சாக இருந்தால், நூறு மடங்கு எண்ணெய் லென்ஸில் ஒரு வட்டத்துக்குச் சராசரி எத்தனை தட்டணு என்று பத்து வட்டங்களில் எண்ணி, 15,000ஆல் பெருக்கினால் ஏறத்தாழ உண்மை எண் கிடைக்கும். வட்டத்துக்குப் பதினான்கு என்றால் சுமார் இரண்டு லட்சம். கையால் எண்ணிய இந்த மதிப்பும் இயந்திரம் தந்த எண்ணும் முரண்பட்டால், இயந்திரத்தின் எண் ரிப்போர்ட்டில் ஏறக்கூடாது.

விரல் நுனியில் குத்தி நேரடியாக இழுக்கும் பூச்சும் உதவும். அதில் ஈடிடிஏ இல்லை. ஒரு நுணுக்கம் இருக்கிறது: அந்தப் பூச்சிலும் தட்டணுக்கள் சிறு சிறு கூட்டமாகத்தான் இருக்கும். உறைவெதிர்ப்பு மருந்து இல்லாத ரத்தத்தில் திரள்வது தட்டணு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கிளான்ஸ்மன் நோயாளியின் விரல்நுனிப் பூச்சில் அவை தனித்தனியாக நிற்பதைப் பார்த்துத்தான் நோயையே சந்தேகிப்பார்கள். ஒரு தகட்டில் பிழைக்குச் சாட்சியாகும் திரள், இன்னொரு தகட்டில் ஆரோக்கியத்துக்குச் சாட்சி. தகடு எந்த ரத்தத்தில் இழுக்கப்பட்டது என்பதை ஓரத்தில் எழுதி வைக்கவேண்டியதன் அவசியம் இதனால்தான்.

திரள் உறுதியானால், நோயாளியை மறுபடி வரவழைத்து ஊதா மூடிக் குழாயோடு நீல மூடிக் குழாயிலும் எடுப்பார்கள். நீலத்தில் இருப்பது 3.2 விழுக்காடு சோடியம் சிட்ரேட். இதுவும் கால்சியத்தைப் பிடிக்கும், ஆனால் ஈடிடிஏ அளவுக்கு இறுக்கமாக அன்று. பலருக்கு இதில் திரள்வதில்லை. இங்கே ஒரு பெருக்கல் உண்டு. சிட்ரேட் திரவமாக இருப்பதால் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு கலந்து ரத்தம் நீர்த்துப்போகிறது. வந்த எண்ணை 1.1ஆல் பெருக்கவேண்டும். இயந்திரம் 1,70,000 காட்டினால் உண்மை 1,87,000. குழாய் கோடுவரை நிரம்பாவிட்டால் இந்தப் பெருக்கலும் பொய்யாகிவிடும்.

சிட்ரேட்டிலும் திரளும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரத்தத்தை 37 டிகிரி வெதுவெதுப்பில் வைத்தே கொண்டுவந்து உடனடியாக எண்ணலாம். மக்னீசியம் சல்ஃபேட் அடங்கிய தனிக் குழாய்கள் சில நாடுகளில் கிடைக்கின்றன. கனமைசின், அமிகாசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை ஈடிடிஏ குழாயில் சேர்த்தால் திரள் கலைவதையும் கண்டிருக்கிறார்கள். எதுவும் இல்லாத சிற்றூர் ஆய்வகத்துக்கும் வழி அடைபடவில்லை. ஊசி முனையிலிருந்து வரும் ரத்தத்தை நேரே 1 விழுக்காடு அம்மோனியம் ஆக்சலேட் கரைசலில் கலந்தால் சிவப்பணுக்கள் கரைந்துவிடும். நியூபாயர் எண்ணறையில் ஊற்றி, ஈரத்தாள் வைத்த மூடிக்குள் இருபது நிமிடம் அடங்கவிட்டு, கட்டங்களில் படிந்த தட்டணுக்களைக் கண்ணால் எண்ணலாம். பிரெச்சரும் குரான்கைட்டும் 1950இல் செம்மைப்படுத்திய முறை இது. நேரம் பிடிக்கும், கண் வலிக்கும். ஆனால் ஒரு மனிதரின் எலும்பு மஜ்ஜையில் ஊசி குத்துவதா வேண்டாமா என்பது இந்த எண்ணைப் பொறுத்திருக்கும்போது, அந்த உழைப்பை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஏனெனில் பிழையின் விலை அப்படிப்பட்டது. போலிக் குறைவை நிஜமென்று நம்பி மஜ்ஜை எடுத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார்கள். தேவையில்லாமல் தட்டணு ஏற்றியிருக்கிறார்கள். மண்ணீரலையே அகற்றிய நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நெஞ்சடைப்புக்கு அவசியமான ரத்தம் இளக்கும் மருந்தை இந்த எண்ணுக்குப் பயந்து நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து.

எதிர்த்திசைப் பிழையையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை தீங்காகிவிடும். மழைக்காலத்தில் டெங்குவில் தட்டணு குறைவது நிஜம். "அது திரளாக இருக்கும்" என்று வீட்டிலிருந்து யாரும் முடிவுகட்டக்கூடாது. உடம்பில் ரத்தக் கசிவு இல்லை என்பதும் சான்றாகாது. உண்மையாகவே 30,000 இருக்கும் பலருக்கும் வெளியே எதுவும் தெரிவதில்லை. அதேபோல், ஸ்மியரில் திரள் தெரிந்தால் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது என்றும் பொருளில்லை. இயந்திரத்தின் எண்ணை நம்பமுடியாது என்பது மட்டுமே அதன் பொருள். உண்மை எண் என்ன என்பதை வேறு வழியில் கண்டுபிடித்தே ஆகவேண்டும். டெங்குவிலும்கூட, ரத்தக் கசிவு இல்லாதவருக்கு 10,000க்குக் கீழே போனால்தான் முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றுவதை யோசிக்கலாம் என்பது தேசிய வழிகாட்டுதல். எண்ணைப் பார்த்ததும் தட்டணுப் பை தேடி ஓடும் பழக்கத்தை நாம் விடவேண்டும்.

ஆய்வகங்களிடம் ஒரு வேண்டுகோள். திரள் தெரிந்த மாதிரிக்கு எண்ணை அச்சிட்டுவிட்டு, கடைசி வரியில் பொடி எழுத்தில் "திரள்கள் காணப்பட்டன" என்று போடாதீர்கள். நோயாளி எண்ணைத்தான் படிப்பார். அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் அதையே படிப்பார். எண் இருக்கவேண்டிய இடத்தில் "திரள்வதால் எண்ண இயலவில்லை, பூச்சில் போதுமான அளவு தெரிகிறது, சிட்ரேட் குழாயில் மறுபடி எடுக்கவும்" என்று எழுதுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. பழைய ரத்த ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் வையுங்கள். உங்கள் தட்டணுக்கள் ஈடிடிஏவில் திரளும் வகை என்று ஒருமுறை உறுதியானால் அதை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; அறுவைக்கு முன்பும் பிரசவத்துக்கு முன்பும் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலோ வேறு நோயோ இல்லாதபோது திடீரென்று எண் சரிந்திருந்தால், கலங்குவதற்கு முன் "ஸ்மியர் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். ஒரு சொட்டு ரத்தமும் இருபது நிமிடமும் போதும்.